ஒன்பதாம் வகுப்பை விட்டுக்கொடுக்காதவர்

செய்தி வந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பின் காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். அழைத்தது பூங்கொடி அம்மா, அங்கமுத்து சாரின் மனைவி. "டீச்சர், அவரு போயிட்டாருங்க. காப்பி வேணாம்னு கையக் காட்டினாரு. நான் டம்ளர வெச்சுட்டுத் திரும்பி வந்து பாக்கறேன், இல்லைங்க." நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. கையிலிருந்த தாளுக்கு மதிப்பெண் போட்டுவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்தேன். ரொம்பவும் களைத்துப் போயிருப்பவர்கள் கைவேலையை முடித்துவிட்டுத்தான் அழத் தொடங்குவார்கள் போலிருக்கிறது.

வெண்ணந்தூர்ப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அவர் கணித ஆசிரியர், நான் தமிழாசிரியை. ஒன்பதாம் வகுப்புப் பாடங்களைத் திரும்பப் படிப்பதற்காக அவர் இணையத்தில் ஏற்றிவைத்த காணொளிகளும் பயிற்சிக் கேள்விகளும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். உங்கள் பிள்ளைகளே அதில் படித்திருக்கலாம். அந்தப் பாடங்களில் கேட்கும் பெண் குரல் என்னுடையது. ஆனால் பாடங்கள் அவருடையவை. அது எப்படி என்று சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எருமப்பட்டியில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. பந்தலில் உட்கார்ந்திருந்த உறவுக்காரர்களைக் கடந்து உள்ளே போனேன். பூங்கொடி அம்மா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக் கேட்டார்: "அவரே பேசுன வீடியோ ஒண்ணு ரெண்டு இருந்துச்சுங்களே டீச்சர், எடுத்துத் தர முடியுமுங்களா?" தேடி எடுத்துக் கொடுத்தேன். குறை எண்களைப் பற்றிய பாடம், ஆரம்பத்தில் எடுத்தது. பள்ளிக்கு அடுத்த தெருவின் விசைத்தறிச் சத்தம் அதில் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. அதற்கு நடுவே அவர், "பயப்படாதீங்க சாமி, பூச்சியத்துக்கு அந்தப் பக்கமும் ஊரு இருக்குது" என்றார். பூங்கொடி அம்மா ஃபோனைக் காதோடு வைத்துக்கொண்டு அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். யாரும் தடுக்கவில்லை.

கொரோனாவுக்குப் பின் பள்ளி திறந்த வருடம் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். இடையில் படிக்க வேண்டியதைப் படிக்காமலே தேர்ச்சி பெற்று ஒன்பதாம் வகுப்புக்கு வந்து உட்கார்ந்தார்கள் பிள்ளைகள். பின்னம் தெரியாதவர்களிடம் இயற்கணிதம் நடத்த வேண்டியிருந்தது. சிலர் தேர்வுக்கு வராமல் தறிக்கும் ஸ்பின்னிங் மில்லுக்கும் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்கும் போய்விட்டார்கள். ஆசிரியர் அறையில் நாங்கள் எல்லோரும் புலம்பிக்கொண்டிருந்தபோது அங்கமுத்து சார் சொன்னார்: "எங்க விட்டோம்னு தெரியாதவங்களுக்கு எங்கிருந்து புடிக்கறதுன்னும் தெரியாதுங்க. மொதல்ல அதைக் காட்டோணும்."

அப்படித்தான் அந்த இணையதளம் தொடங்கியது. அதில் ஒரு கேள்விக்குத் தவறாக விடை சொன்னால் 'தவறு' என்று வராது. அந்தத் தவறுக்குக் காரணமான ஆறாம் வகுப்புப் பாடமோ ஏழாம் வகுப்புப் பாடமோ திறக்கும். அதைப் பார்த்துவிட்டு மீண்டும் ஒன்பதுக்கு வரலாம். கணக்கில் ஆரம்பித்து, அறிவியலுக்குப் போய், என்னிடம் தமிழ் இலக்கணமும் கேட்டு வாங்கினார். மாதம் ஒருநாள் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள் அல்லவா, அன்றைக்குத் தறிகள் ஓடாது. ஃபோனுக்குச் சார்ஜ் ஏற்றி வைத்துக்கொண்டு, ஊரெல்லாம் மின்தடையைத் திட்டும் நாளில் இவர் மட்டும் சந்தோஷமாக அறிவியல் ஆய்வகத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பாடம் பதிவு செய்வார்.

தொண்டை கம்மிப்போனதைச் சாக்பீஸ் தூசி என்றுதான் அவரும் நினைத்தார், நாங்களும் நினைத்தோம். சேலத்தில் பெரிய மருத்துவமனையில் பார்த்துவிட்டுக் குரல்வளையையே எடுக்க வேண்டும் என்றார்கள். அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய நாள் போய்ப் பார்த்தேன். எதிர்க் கட்டிலில் இருந்தவரின் மகளுக்கு நேர்க்கோட்டுச் சமன்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார், கரகரத்த குரலில். "இருக்கறப்பவே செலவு பண்ணிரலாமுங்க" என்று சிரித்தார். அவர் என்னிடம் வாயால் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

விடுப்பு முடிந்து கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்குத் திரும்பினார். வகுப்பில் அவர் பலகையில் எழுதுவார், பிள்ளைகள் ஒருவர் மாற்றி ஒருவர் உரக்க வாசிப்பார்கள். எங்களிடம் சொல்ல வேண்டியதை ஃபோனில் தட்டிக் காட்டுவார். பேசுவது மாதிரியேதான் தட்டுவார், மரியாதை ஒன்றைக்கூட விடாமல். ஒருநாள் என் முன்னால் அந்த ஃபோனை நீட்டினார்: "மிச்சப் பாடத்துக்கு உங்க கொரல் வேணுமுங்க."

"சார், எனக்குக் கணக்கு சுத்தமா வராதுங்க. தமிழ் படிச்சதே அதுக்குப் பயந்துதான்" என்றேன்.

அவர் தட்டினார்: "அதானுங்க வேணும்."

ஏன் என்பது முதல் பதிவிலேயே தெரிந்துவிட்டது. இரண்டு எண்களைக் கூட்டி அதன் வர்க்கத்தைக் காணும் பாடம். பிள்ளைகள் தனித்தனியே இரண்டு வர்க்கம் கண்டு கூட்டிவிட்டு முடிந்தது என்பார்கள். அவர் ஒரு சதுர வயலை வரைந்து, ஒரு மூலையில் பெரிய சதுரமும் எதிர்மூலையில் சின்னச் சதுரமுமாகப் பிரித்து வண்ணம் தீட்டியிருந்தார். எழுதிக்கொடுத்ததை வாசித்துக்கொண்டே வந்த நான், படத்தைப் பார்த்ததும் என்னை அறியாமல், "ஐயோ, இந்த ரெண்டு துண்டு நிலம் அப்படியே கெடக்குதே!" என்று சொல்லிவிட்டேன். அழித்துவிட்டு மறுபடி பேசுகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அந்த 'ஐயோ' இன்னும் அந்தப் பாடத்தில் இருக்கிறது. அன்றுமுதல் நான் தடுக்கி விழும் இடத்தையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குப் பதிலை அடுத்து எழுதிக் கொடுத்தார். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த ஒருவரிடம், ஐம்பதைத் தாண்டிய நான் ஒன்பதாம் வகுப்பு படித்தேன்.

நாமக்கல்லில் ஒரு கூட்டத்தில் இந்த முயற்சியைப் பாராட்டினார்கள். பாராட்டிய கையோடு மேடையிலிருந்த ஒருவர் கேட்டார்: "ஒம்பதாவதுக்கு எதுக்குங்க இவ்ளோ மெனக்கெடறீங்க? பத்தாவதுக்குப் போட்டா ரிசல்ட் ஏறுமில்லீங்களா?" அங்கமுத்து சார் மெதுவாகத் தட்டி ஃபோனை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். ஒலிபெருக்கியில் வாசித்தேன்: "பத்தாவதுல விழறவங்க ஒம்பதாவதுலயே விழுந்தவங்கதானுங்க. அப்ப யாரும் பாக்கலைங்க, அவ்வளவுதான்." பிறகு தேநீர் வந்துவிட்டது. அதனால் ஒன்றும் மாறவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். திரும்பி வரும் பேருந்தில் இருவருமே தூங்கிவிட்டோம்.

ஒரு மதியம் சித்ரா என்ற பெண் பள்ளிக்கு வந்தாள். ஒன்பதாவதில் கணக்கில் தோற்று, படிப்பை விட்டு, கல்யாணமாகி ராசிபுரத்தில் ஒரு துணிக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்ப்பவள். தனித்தேர்வராகப் பத்தாவது எழுத வேண்டும் என்று எங்கள் பாடங்களைக் கேட்டுக்கொண்டிருந்தாளாம். வாசலில் நான் யாரிடமோ பேசுவதைக் கேட்டதும் நின்றுவிட்டாள். "ஏனுங்க, அந்த டீச்சர் நீங்கதானுங்களா?" என்றாள். அவள் கண்கள் நிறைந்துவிட்டன. "நீங்களும் தப்புப் பண்ணிப் பண்ணித்தானுங்க சொல்றீங்க. அதனாலதான் எனக்குத் தெகிரியம் வந்துச்சு."

எனக்குக் கூச்சமாகப் போயிற்று. பக்கத்தில் இருந்த சாரைக் காட்டி, "நான் இல்லைம்மா, எல்லாம் சார்தான்" என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். தட்டிக் காட்டினார்: "அவங்க தேடி வந்தது உங்களத்தானுங்க. பேசுங்க."

அவள் வடிவொத்த முக்கோணத்தில் ஒரு சந்தேகம் கேட்டாள். நான் சாரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேண்டுமென்றேதான். வேறு வழியில்லாமல் சாக்பீஸை எடுத்தேன். எந்தப் பக்கத்துக்கு எந்தப் பக்கம் என்று தட்டுத்தடுமாறி, ஓரிடத்தில் அழித்து, மறுபடி வரைந்து, கடைசியில் விடை வந்துவிட்டது. சித்ரா, "அட, இவ்வளவுதானுங்களா" என்றாள். சார் திரும்பினார். அந்த முகத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சித்ரா முதல் தடவை கணக்கில் தேறவில்லை. அடுத்த தடவை தேறினாள். மதிப்பெண் பட்டியலை அவருக்குத்தான் அனுப்பினேன். "ரெண்டாந்தடவ எழுதுனாங்க பாருங்க, அதுதானுங்க பெருசு" என்று பதில் வந்தது.

நோய் திரும்பி வந்தபின் அவர் பள்ளிக்கு வரவில்லை. கடைசியாக நான் போனபோது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். விரல்கள் எழுத்தைத் தேடித்தேடி அமுக்கின. "வடிவியல் மிச்சமிருக்குதுங்க." நான் அன்று ரொம்பக் களைத்திருந்தேன். தேர்வு வேலை, கணக்கெடுப்பு வேலை, வீட்டில் மாமியாருக்கு உடம்பு சரியில்லை. பொய் சொல்ல மனம் வரவில்லை. "சார், எனக்கு முடியலைங்க. அலுத்துப்போச்சுங்க" என்றேன்.

நீண்ட நேரம் தட்டினார். காட்டியபோது அதில் இருந்தது ஒரு வார்த்தைதான்: "எனக்குந்தானுங்க."

இருவரும் சிரித்தோம். அவர் சிரிப்பில் தோள்கள் மட்டும் குலுங்கின. செய்வேன் என்று நான் சொல்லவில்லை, செய்யுங்கள் என்று அவரும் கேட்கவில்லை. காப்பி குடித்துவிட்டு, "வாரேனுங்க" என்று சொல்லிக்கொண்டு கிளம்பினேன். கையை அசைத்தார்.

வடிவியலை யார் முடிப்பார்கள் என்று துக்கத்துக்கு வந்த ஆசிரியர்கள் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. ஒரு பாடம் மட்டும் நானே எழுதிப் பதிவு செய்திருக்கிறேன். அதில் பிழை இருக்கும். பார்த்துச் சொல்லுங்கள்.

அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது கணக்கு அல்ல. அவரோடு பேசுவதென்றால் அவர் தட்டி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். இடையில் புகுந்து, இதைத்தானே சொல்ல வருகிறீர்கள் என்று ஊகித்தால் நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் அழித்து, முதலிலிருந்து தட்டுவார். அப்படித்தான் காத்திருக்கப் பழகினேன். நேற்று வகுப்பில் ஒரு பெண்ணை எழுப்பி வினைத்தொகைக்கு எடுத்துக்காட்டு கேட்டேன். பேசாமல் நின்றாள். மற்றவர்கள் கையைத் தூக்கினார்கள். முன்பெல்லாம் அடுத்தவரைக் கேட்டிருப்பேன். அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு மேசையில் சாய்ந்து நின்றேன். வகுப்பே அவளைப் பார்த்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெகுநேரம் கழித்து மெல்லிய குரலில், "ஊறுகாய்ங்க டீச்சர்" என்றாள்.