எண்ணெய் பூசிய பிஸ்டல்

நான் பார்த்த பொருள்களில் அழகானது எது என்று கேட்டால் ஒரு பிஸ்டலைத்தான் சொல்வேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, மலைமேல் இருந்த பழைய துரைமார் கிளப்பில் வேலை செய்தார். மேசைக்குச் சாப்பாடு கொண்டுபோவார், கிளாஸ் கழுவுவார். ஓட்டப்பந்தயம் தொடக்கிவைக்க வெள்ளைக்காரன் காலத்தில் வாங்கிய பிஸ்டல் ஒன்று அங்கே இருந்தது. அதில் குண்டு போகாது. வெற்று வெடி போட்டால் சத்தம் மட்டும் வரும்.

எங்கள் பள்ளிக்கூடம் கண்டிக்குக் கிட்ட, கெலிஓயாப் பக்கம். விளையாட்டுப் போட்டியில் இரண்டு பலகையைச் சேர்த்து அடித்துத்தான் எங்களை ஓடவிடுவார்கள். அந்த வருடம் பள்ளி அதிபர் கிளப்பில் கேட்டு, பொலிசிலும் சொல்லிவைத்து, பிஸ்டலை இரவல் வாங்கினார். மாமா கையை விட்டு அது வேறு கைக்குப் போகக் கூடாது என்றார் கிளப் மேனேஜர். ஆகவே வெடி வைப்பது மாமா என்று ஆனது.

அம்மாவுக்கு இது நல்ல காலமாகத் தெரிந்தது. மாமாவுக்குப் பெண் அமையவில்லை. காரணம் அவர் வாய். கடைசியாகப் போன வீட்டில் பெண்ணின் அப்பா, "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்று மரியாதையாகக் கேட்டார். "தொரமாரு குடிச்சதுல மிச்சம் இருக்கான்னு பாக்குற வேலைங்க" என்றார் மாமா. அந்த வீட்டில் எங்களுக்குத் தேத்தண்ணிகூட வரவில்லை.

இப்போது குண்டசாலை ஊரில் ஒரு இடம். பெண் துணிக்கடையில் வேலை. அவர்களுக்குச் சொந்தக்காரப் பிள்ளை ஒன்று எங்கள் பள்ளியில் படித்தது. அது ஓடுவதைப் பார்க்க வருகிற மாதிரி வந்து மாப்பிள்ளையைப் பார்ப்பதாக ஏற்பாடு.

"நாளைக்கு ஒரு நாளாச்சும் வாயத் தொறக்காத," என்றாள் அம்மா. "பேச வேண்டியத அந்தப் பிஸ்டல் பேசட்டும்."

"அதுக்கு ஒரே வார்த்தைதான் தெரியும்க்கா."

"அது போதும்."

அன்று சாயந்தரம் மாமா மரப்பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே பச்சை வெல்வெட். அதில் தனக்கென்று வெட்டிய பள்ளத்தில் பிஸ்டல் படுத்திருந்தது. நாவற்பழக் கறுப்பு. வெளிச்சத்தில் சாய்த்தால் ஒரு நீலம் ஓடியது. நடுவில் ஆறு கண் வைத்த உருளை. விரலால் தள்ளினால் டிக், டிக் என்று சுற்றும். பக்கவாட்டில் மயிரிழைக் கோட்டால் ஒரு கொடி செதுக்கியிருந்தார்கள், இலைகள் சுருண்டு சுருண்டு போயின. கைப்பிடி மரம். தொதல் இனிப்பைக் கீறுவதுபோலச் சாய்வாகக் கட்டம் கட்டமாகக் கீறியிருந்தது. உள்ளங்கையில் வந்து தானாக உட்கார்ந்துகொள்ளும் வளைவு. ரோட்டில் ஆமிக்காரர் வைத்திருக்கும் துவக்கைப் பார்த்திருக்கிறேன். அது தண்ணீர்ப் பைப் மாதிரி இருக்கும். இது யாரோ ஆசைப்பட்டுச் செய்தது.

"ஒரு எடத்துலயாவது கோணல் இருக்கா பாரு," என்றார் மாமா.

தேடினேன். இல்லை.

"சத்தம் போடுறதுக்கு எதுக்கு மாமா பூவு, கொடி எல்லாம்?"

"ஒங்க அம்மா மூக்குத்தி போட்டுக்கிட்டுத்தானே சத்தம் போடுறா?"

அம்மா அகப்பையோடு வந்தாள். மாமா பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் போனார்.

துடைக்கிற எண்ணெய் கிளப்பில் முடிந்துபோயிருந்தது. மாமா அலுமாரி மேலிருந்த தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுத்தார். பஞ்சில் தொட்டுப் பூசினார். கறுப்பு இன்னும் கறுத்து மினுங்கியது. அந்த அழகு போதவில்லை அவருக்கு. உருளை, விசை, பின்னால் தலை தூக்கி நிற்கும் சின்னச் சுத்தியல், எல்லா இடுக்கிலும் சொட்டுச் சொட்டாக விட்டார்.

தை மாதக் குளிர். காலையில் போத்தலில் எண்ணெய் வெள்ளையாக உறைந்து கிடந்தது. அம்மா அதை அடுப்போரம் வைத்து உருக்கி எனக்குத் தலை பின்னிவிட்டாள். மூன்று பேரும் அந்தப் போத்தலைப் பார்த்தோம். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மைதானத்தில் மாமா கிளப்பின் வெள்ளைக் கோட்டு, பித்தளைப் பொத்தானோடு நின்றார். கையில் பிஸ்டல். வாய் மூடியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் பெண் வீட்டார். பெண்ணின் அப்பா பிஸ்டலைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெண் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் ஓட்டம் எங்களுடையது. கோட்டில் குனிந்தேன். மாமா கையை உயர்த்தினார். வெள்ளை வானத்தில் அந்தக் கறுப்பு வளைவு.

"ஒன் யுவர் மார்க்... செட்..."

விசையை இழுத்தார். சுத்தியல் தூக்கக் கலக்கத்தில் எழுந்தவன்போல மெல்ல இறங்கியது. வெடியைத் தொட்டது. அப்படியே நின்றது.

ஓடத் துடித்த இரண்டு பிள்ளைகள் கோட்டைத் தாண்டி விழுந்தன. மறுபடியும் குனிந்தோம். மறுபடியும் அதே. மாமாவின் காது சிவந்தது. விளையாட்டு சொல்லித்தரும் சேர் பலகையைத் தேடி ஓடினார். பெண்ணின் அப்பா குடையை மடக்கிக்கொண்டு எழுந்தார்.

மாமா அதைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா உதட்டில் விரலை வைத்தாள்.

மாமா வாயைத் திறந்தார்.

"டுமீல்!"

ஓடினோம். பிஸ்டலைத் திரும்பித் திரும்பிப் பார்த்து ஓடியதில் நான் நாலாவது. மைதானம் முழுக்கச் சிரிப்பு. சேர் பலகையோடு வந்தார். பிள்ளைகள் விடவில்லை.

"பலகை வேணாம் சேர்! மாமாவே சுடட்டும்!"

அன்றைக்கு எல்லா ஓட்டத்தையும் மாமாவின் வாய்தான் தொடக்கியது. சின்னப் பிள்ளைகளுக்குச் சின்ன டுமீல். சேர்மார் ஓட்டத்துக்கு இருமலோடு ஒரு டுமீல். ஒவ்வொரு தடவையும் பிஸ்டலை ஒழுங்காக வானத்துக்குத்தான் பிடித்தார்.

அந்தப் பெண் சால்வையால் வாயைப் பொத்தியிருந்தாள். தோள் குலுங்கியது. அவள் அம்மா கிள்ளினார். இன்னும் குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஊர் நடுவில் வைத்து என் மாமாவைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

திரும்பும்போது த்ரீவீலில் அம்மா, "இதுவும் போச்சு" என்றாள். மாமா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தார்.

அடுத்த வாரம் பெண் வீட்டிலிருந்து ஆள் வந்தது. சம்மதமாம். பெண்ணின் அப்பாதான் தயங்கி இழுத்தாராம். பெண், கட்டினால் இவரைத்தான் என்றாளாம். அம்மா நம்பாமல் இரண்டாம் தடவை கேட்டாள்.

எனக்கு ஆச்சரியம் இல்லை. நகத்தைப் பார்க்கிற மாதிரி இருந்துகொண்டு அவள் பிஸ்டலைத்தான் பார்த்திருக்கிறாள். அந்த நீலத்தை, அந்தக் கைப்பிடியை. அதைப் பார்த்தபின் யார்தான் வேண்டாம் என்பார்கள்? வகுப்பில் எல்லோருக்கும் அப்படித்தான் சொன்னேன்.

கண்டியில் ஒரு கோவிலில் கல்யாணம். மேளம் உச்சத்துக்குப் போனபோது புது அத்தை மாமாவின் காதில் ஏதோ சொன்னாள். இருவரும் குலுங்கினார்கள். மாலை ஆடியது. ஐயர் முறைத்தார்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மாமாவிடம் கேட்டேன்.

"பிஸ்டல் எங்க மாமா?"

"கிளப்புல. அது அவங்களோடதுதானே."

அத்தையைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள், விஷயம் தெரியாமல். பாவம், பிஸ்டலை நம்பி வந்தவளுக்கு மாமா மட்டும்தான் கிடைத்திருக்கிறார். என் இலையில் இருந்த லட்டை எடுத்து அவள் இலையில் வைத்தேன்.