பழைய பேட்சும் புதுப் பூனையும்

ஒரு பூனையைப் பார்ப்பதற்குச் செருப்பைக் கழற்றி, கிருமி மருந்து கலந்த ஊதாத் தண்ணீரில் காலை நனைத்து, மேலே ஒரு பழைய சட்டையை மாட்டிக்கொண்டு போக வேண்டிய வீடு எங்கள் தெருவில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது என் பக்கத்து வீடு. வசந்தாமணி அக்காவுடையது. "பூனையப் பாக்கணுமா, கலெக்டரப் பாக்கணுமா?" என்று நான் கேட்டால், "கால நனைச்சுட்டு உள்ள வா, தஸ்னீம். வாய் அப்பறம் பேசலாம்" என்பார்.

அக்கா நாமக்கல்லைச் சுற்றியுள்ள கோழிப்பண்ணைகளில் இருபத்திரண்டு வருடம் தடுப்பு மருந்து போட்டவர். குஞ்சுகளுக்குக் கண்ணில் சொட்டு, வளர்ந்தவைக்கு ஊசி. ஷெட் வாசலில் நின்றபடியே உள்ளே இருக்கும் ஐயாயிரம் கோழிகளில் எது சீக்கு என்று சொல்லிவிடுவாராம். அடுத்து நடப்பதும் அவர் கையால்தான். தும்முகிற கோழியைப் பிடித்து, வெளியே கொண்டுபோய்க் கழுத்தைத் திருகி, குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவ வேண்டும். மீதியைக் காப்பாற்றப் பண்ணையில் அதுதான் வழி. இன்னொரு சட்டமும் உண்டு. பழைய பேட்ச் கோழிகள் இருக்கும் ஷெட்டுக்குள் புதுக் கோழி ஒன்றுகூட நுழையக் கூடாது. தோள்பட்டை வலி வந்து மூன்று வருடத்துக்கு முன் வேலையை விட்டபோது, இந்தச் சட்டங்களையெல்லாம் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

வீட்டில் ஏற்கெனவே இரண்டு பூனைகள். ஒன்று துரை, பத்து வயதுக் கிழவன். அக்காவின் கணவர் மருதாசலம் இறந்த பிறகு அந்த வீட்டில் அக்காவின் பேச்சைக் கேட்க மிச்சமிருந்த ஆள் அவன்தான். இன்னொன்று செவலை, எதற்கெடுத்தாலும் சீறுகிற பெண்பூனை.

போன ஐப்பசி மழையில் முட்டைக் கடை ஓரம் அட்டை அடுக்குக்குக் கீழே ஒரு குட்டி கிடந்தது. இரண்டு கண்ணும் சீழ் பிடித்து ஒட்டியிருந்தன. மூச்சுக்கு ஒரு தும்மல். "இது தேறாதுங்க்கா, வாங்க போலாம்" என்று இழுத்தது நான்தான். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அக்கா முந்தானையில் அதை வாரிக்கொண்டு நடந்தார்.

டாக்டர் குமரகுரு பார்த்துவிட்டு, "ஹெர்பஸ் வைரஸ்ங்கம்மா. பூனைக்குப் பூனை ஒட்டும், மனுசனுக்கு ஒட்டாது. கண்ணும் மூக்கும் சரியாயிரும். ஆனா வைரஸ் ஆயுசுக்கும் உடம்புலயே தங்கிக்கும்" என்றார். மூன்று வாரம் தனியாக வைக்கவும், மற்ற இரண்டுக்கும் தடுப்பூசி போடவும், அப்புறம் மெல்ல மெல்லப் பழக்கவும் சொன்னார். அக்கா காதில் ஏறியது "ஆயுசுக்கும்" என்ற ஒரு சொல்தான்.

குட்டியைப் பின்னறையில் வைத்தார். பேர் வைக்கவில்லை. "புதுசு" என்றே கூப்பிட்டார். கண்ணில் சொட்டு விடுவதில் மட்டும் அவரை மிஞ்ச ஆளில்லை. ஒரு நாளைக்கு மூவாயிரம் குஞ்சுக்கு விட்ட கையல்லவா! புதுசு உதறுவதற்குள் மருந்து உள்ளே போயிருக்கும். மூன்று வாரத்தில் கண் திறந்துவிட்டது, மூக்கும் காய்ந்துவிட்டது.

கதவுதான் திறக்கவில்லை. "இன்னொரு வாரம் போகட்டும்" என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். துரையையும் செவலையையும் ஊசிக்கும் கொண்டுபோகவில்லை. "சீக்குப் பூனைக வந்து போற எடத்துக்கு நல்ல பூனையக் கொண்டு போறதா?" என்றார். துரைக்கு ஏதாவது ஆகிவிட்டால் தாங்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அதனால் நானும் வாயை மூடிக்கொண்டேன். அக்கா பின்னறை ஜன்னலைச் சாத்தி, தன் முகத்தில் துணி கட்டிக்கொண்டு, ஒரு நாளைக்கு இரண்டு தடவை சோறு வைப்பதோடு சரி. இரண்டு மாதம் இப்படியே ஓடியது.

ஒரு நாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தும்மல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். புதுசு கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடந்தது. கண்ணில் மறுபடியும் நீர், முந்தின நாள் வைத்த சோறு அப்படியே இருந்தது.

"டாக்டர வரச் சொல்லிட்டேன். ஊசி போட்டுறச் சொல்லப் போறேன்" என்றார் அக்கா.

"என்ன ஊசிங்க்கா?"

அக்கா பின்னறைக் கதவை இழுத்துச் சாத்தினார். கொன்றுவிடுகிற ஊசியைச் சொல்கிறார் என்று புரிந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதுக்குத்தான் மழையில தூக்கியாந்தீங்களா? அன்னிக்கே உட்டுட்டு வந்திருக்கலாமே!" என்று கத்திவிட்டேன்.

"தொரைக்கு ஒட்டிருச்சுன்னா நீ பாப்பியா?" என்று அவரும் கத்தினார்.

டாக்டர் வந்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு காலை நனைத்து உள்ளே போனார். குட்டியைப் பார்த்தார், சாத்திய ஜன்னலைப் பார்த்தார். "வேற பூனை எதும் உள்ள வந்துச்சுங்களா?"

"ஈ காக்கா வரலிங்க."

"அப்ப இந்தச் சீக்க யாரும் புதுசாக் குடுக்கலிங்கம்மா. உடம்புக்குள்ள தூங்கிட்டு இருந்த வைரஸ்தான் எந்திரிச்சிருக்கு. பயந்தா, ஏங்கிப் போனா எந்திரிக்கும். ரெண்டு மாசமா தனியா அடைச்சு வெச்சதே இதுக்குக் காரணமா இருக்கலாம்."

அந்த நேரம் பார்த்து துரை சமையலறையிலிருந்து வந்து நின்றான். டாக்டர் கையைக் கழுவிவிட்டு வந்து அவன் தாடையைத் தூக்கினார். இடது கண்ணோரம் பழுப்பாக ஒரு கோடு. "இந்தக் கண்ணுல தண்ணி எத்தன வருசமா வருது?"

"அது தூசிங்க சாமி. குட்டியில இருந்தே அப்படித்தான். மழைக்காலத்துல கொஞ்சம் தும்மும், அப்பறம் தானா..."

அக்கா குனிந்து அந்தப் பழுப்புக் கோட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"டெஸ்ட் பண்ணாம உறுதியாச் சொல்ல மாட்டேன். ஆனா நெறையப் பூனைகளுக்கு இது சின்னதுலயே வந்திருக்கும். தொரைக்கும் வந்திருக்கும்னுதான் நெனைக்கிறேன்."

ஷெட் வாசலில் நின்று ஐயாயிரத்தில் ஒன்றைக் கண்டுபிடித்தவர், மடியில் படுத்திருந்தவன் கண்ணைப் பத்து வருடமாகத் தூசி என்று துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். வேறு நாளாயிருந்தால் கிண்டல் செய்திருப்பேன்.

டாக்டர் துரைக்கும் செவலைக்கும் தடுப்பூசி போட்டு, புதுசுக்கு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மற்ற ஊசியைப் பற்றி அக்கா கேட்கவே இல்லை. அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் சொன்னார்: "இருவத்திரண்டு வருசம், தஸ்னீம். தும்முன கோழி ஒண்ணுகூடப் பொழச்சு நான் பாத்ததில்ல. பொழைக்குமா பொழைக்காதான்னு பாக்கறதுக்குள்ளயே என் கை முடிச்சிரும். எத்தன பொழச்சிருக்குமோ?" அழுதார். அதற்கு முன் அவர் அழுது நான் பார்த்தது மருதாசலம் அண்ணன் இறந்த அன்றைக்குத்தான்.

அன்றே பின்னறை ஜன்னல் திறந்தது. முகத்துணி போனது. அக்கா உள்ளே உட்கார்ந்து குட்டியோடு பேச ஆரம்பித்தார். நாலு நாளில் அது சோறு தின்றது, இரண்டு வாரத்தில் கண் தெளிந்தது. புதுசு படுத்த துணியைத் துரைக்கும், துரை படுத்ததைப் புதுசுக்கும் மாற்றிப் போட்டு வாசனை பழக்கினோம். நான் பிளவுஸ் தைக்கிறவள்; கொசுவலையை மடித்துத் தைத்து அறை வாசலுக்கு ஒரு திரை செய்து கொடுத்தேன். வலைக்கு இந்தப் பக்கம் இரண்டு தட்டு, அந்தப் பக்கம் ஒன்று. செவலை ஐந்து நாள் சீறிவிட்டு அலுத்துப்போனாள்.

போன வெள்ளிக்கிழமை காலை வலையைக் கழற்றினோம். மூன்று தட்டையும் தள்ளித் தள்ளி வைத்தார் அக்கா. மூன்றும் தின்றன. நடுவில் புதுசு தலையைத் தூக்கி ஒரு தும்மல் போட்டது.

அக்கா பாதி எழுந்துவிட்டார். வலது கை தானாக நீண்டது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் கோழிக் கழுத்தைப் பிடிக்கிற மாதிரி வளைந்து நின்றதை நான் பார்த்தேன்.

துரை நிமிர்ந்து பார்த்தான். பிறகு தன் தட்டுக்குத் திரும்பிக்கொண்டான்.

அக்கா தன் கையை ஒரு கணம் பார்த்தார். அப்புறம் அதை மெல்ல இறக்கி, புதுசின் பிடரியை ஒரு விரலால் தடவிக் கொடுத்தார்.

"தும்மு சாமி," என்றார். "தும்மிட்டுச் சாப்புடு."