இடது கால் பட்டது

அக்கா வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று ஆசிரியர் பயிற்சிப் பள்ளி விடுதியில் யாராவது கேட்டால், "சைக்கிள் வேலை" என்று சொல்லிவிடுவேன். கேட்பவர்கள் கடை வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் திருத்த மாட்டேன். மாமா ஊர் ஊராகப் போய், நடுவில் கம்பம் நட்டு, புனல் ஸ்பீக்கர் கட்டி, இரவும் பகலும் இறங்காமல் அந்தக் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி சைக்கிள் ஓட்டுகிறவர். சாப்பாடு, குளியல், சட்டை மாற்றுவது எல்லாம் சைக்கிள் மேலேயே. விடுதியில் பாதிப் பேர் தங்கள் ஊரில் இப்படி ஒருவரை நின்று பார்த்துச் சிரித்திருப்பார்கள்.

எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். பயிற்சியில் சேர்ந்த பிறகு நான் வாயைத் திறந்தால் அப்பாகூடப் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார். அது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த மாசி மாதம் மாமா புதூர்நாட்டுப் பக்கம் ஒரு மலைக் கிராமத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை ஏறியவர் ஞாயிறு பொழுது சாயும்வரை கால் தரையில் படாமல் ஓட்ட வேண்டும். முடித்தால் ஊர் சார்பில் ஒரு மூட்டை சாமை. அதைவிடப் பெரிது, ஊர்க் கவுண்டர் ஒரு வார்த்தை சொன்னால் மலையில் மற்ற ஊர்களிலும் கூப்பிடுவார்கள். மழைக்காலம் வரை வேலைக்குக் கவலையில்லை. கால் பட்டுவிட்டால் மலையில் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

"சனிக்கெழம போயிடலாம்டி," என்றாள் அக்கா. "ஞாயித்துக்கெழம அவரு எறங்குறத பாத்துட்டு, அப்பிடியே எல்லாரும் ஓடையில குளிச்சிட்டு, ராத்தங்கி வர்லாம். பசங்களும் எங்க போச்சுங்க?"

அவள் சொன்னது உண்மை. கோயிலுக்கும் சாவுக்கும் தவிர எங்கள் குடும்பம் எங்கேயும் கிளம்பிப் போனதில்லை. அவளுடைய மூத்த பெண்ணுக்கு ஐந்து வயது, பையன் இன்னும் இடுப்பை விட்டு இறங்காதவன். ஒடுகத்தூரில் பஸ் ஏறி, வழியில் மாறி, கடைசியில் புளி மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஜீப்பில் உட்கார்ந்து போனோம். அந்த மலையில் என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள் என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

ஜீப் நிற்பதற்கு முன்பே ஸ்பீக்கர் கேட்டது. "நமது வீரரின் மச்சினிச்சி, டீச்சருக்குப் படிக்கும் பட்டணத்துப் படிப்பாளி, இதோ வந்துகொண்டிருக்கிறார்..." மைக் பிடித்தவர் மாமாவின் கூட்டாளி. வாரம் முழுக்க இதையே சொல்லிவந்திருக்கிறார்கள் என்பது கூட்டம் என்னைப் பார்த்த விதத்தில் தெரிந்தது. வழி விட்டார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து நாற்காலி ஒன்று வந்தது. கவுண்டர் நாற்காலிக்குப் பக்கத்தில், வட்டத்தின் ஓரத்திலேயே போட்டு உட்காரவைத்தார்கள். அக்கா குழந்தையோடு தரையில் உட்கார்ந்தாள். அவளைச் சுற்றிப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள்.

"ஏம்மா, வெளிக்கு இன்னா பண்ணுவாரு?"

"அத மட்டும் கேக்காதீங்க," என்று அக்கா முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். அவர்களும் சிரித்தார்கள். நான் கம்பத்தில் கட்டியிருந்த கலர் காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமாவை அடையாளமே தெரியவில்லை. முகம் கறுத்து, உதடு வெடித்து, பாதம் வீங்கி இருந்தது. வண்டியை நிறுத்த முடியாததால் பேச்சும் சுற்றுச் சுற்றாகத்தான் வந்தது. "இன்னா டீச்சர், பஸ்ல..." என்று கடந்து போவார். அடுத்த சுற்றில், "...எடம் கெடச்சுதா?" நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அந்தப் பக்கம் போய்விடுவார். கூட்டம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்க்கும். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அக்காவின் மூத்த பெண் அவர் கூடவே ஓடினாள். "அப்பா, எறங்கு. அப்பா, எறங்கு." அவள் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. வாரம் முழுக்க அவரைப் பார்க்காமல் இருந்தவள்.

"நாளைக்குடா கண்ணு. பொழுது சாயட்டும்."

மறுநாள் உச்சி வேளை. அக்கா கேழ்வரகுக் கூழைச் செம்பில் வைத்து நீட்ட, மாமா ஓட்டியபடியே வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பக் கொடுத்தார். காலையில் சைக்கிள் மேலேயே அவருக்குக் குடத்து நீர் ஊற்றிக் குளிப்பாட்டிய இடம் இன்னும் சேறாக இருந்தது. கூடவே ஓடிய பெண் அதில் வழுக்கி, சக்கரத்துக்கு நேர் எதிரே விழுந்தாள். மாமா ஹேண்டில்பாரை ஒடித்தார். சைக்கிள் என் நாற்காலிப் பக்கம் சாய்ந்தது. அவருடைய கால் என் செருப்புக்கு ஒரு முழம் தள்ளித் தரையில் ஊன்றி எழுந்தது. கண்ணிமைக்கும் நேரம்தான். மறுபடி மிதித்துப் போய்விட்டார். பெண் சேற்றோடு எழுந்து நின்றாள். ஒன்றும் ஆகவில்லை.

எதிர்ப்பக்கம் நின்ற வாலிபர்கள் முதலில் ஆரம்பித்தார்கள்.

"கால ஊனிட்டான்பா."

"படல, படல," என்றார் கூட்டாளி மைக்கிலேயே. "பெடல்லதான் இருந்துது."

"எங்களுக்கு இன்னா பொட்டக்கண்ணா? அவ்ளோதான், எறங்கச் சொல்லு."

ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்த இசைத்தட்டை நிறுத்தினார்கள். மாமா சுற்றிக்கொண்டேதான் இருந்தார், யார் முகத்தையும் பார்க்காமல். எல்லோரும் கவுண்டரைப் பார்த்தார்கள். என்னைவிட அவருக்குத்தான் அது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் இப்போது அவர் முகம் புளியமரத்துப் பக்கம் திரும்பியிருந்தது.

"நான் பாக்கல," என்றார். "டீச்சரம்மா கிட்டத்துல இருந்தாங்க. நம்ம ஊருக்கு வந்த விருந்தாளி. விருந்தாளி சொன்னா அதுக்கு மேல இந்த ஊர்ல பேச்சு கெடையாது. நீ சொல்லும்மா. பட்டுச்சா, படலியா?"

நான் எழுந்து நின்றேன். யாரும் நிற்கச் சொல்லவில்லை. வகுப்பில் கேள்வி கேட்டால் எழுந்து நிற்கிற பழக்கம். இத்தனை பேர் அமைதியாக இருந்து நான் சொல்வதைக் கேட்கக் காத்திருந்தது அதுவரை நடந்ததில்லை.

"பட்டது," என்றேன். "இடது கால்."

கவுண்டர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமாக அல்ல. அடுப்பில் எதையோ தீயவிட்ட பெண்ணைப் பார்ப்பது போல. "செரி," என்று சொல்லி வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போனார். வாலிபர்கள்கூடக் கத்தவில்லை. கூட்டாளி மைக்கை அணைக்க மறந்து, "படிச்சவங்க இல்லியா, அதான்" என்று தனக்குத்தானே சொன்னது ஊர் முழுக்கக் கேட்டது.

மாமா இன்னும் அரைச் சுற்று ஓட்டி நிறுத்தினார். நிறுத்தினாரே தவிர இறங்கத் தெரியவில்லை. இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி இறக்கினார்கள். முழங்கால் நிற்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பெண் சேற்றுப் பாவாடையோடு அவர் மடியில் ஏறிக்கொண்டு, "அப்பா எறங்கிட்டாரு, அப்பா எறங்கிட்டாரு," என்று எல்லோரிடமும் சொன்னாள். அவளைத் தவிர அங்கே யாரும் சிரிக்கவில்லை.

சொன்னபடியே ஓடைக்குப் போனோம். பொழுது சாய்வதற்கு முன்பே போய்விட்டோம். மாமா பாதங்களைத் தண்ணீரில் விட்டுப் பாறையில் கிடந்தார். பிள்ளைகள் அவர் வயிற்றின் மேல் தண்ணீர் ஊற்றி விளையாடின. நான் அக்கா பக்கத்தில் துணி அலசினேன்.

"நான் பொய் சொல்லியிருக்கணுமா?" என்று கேட்டேன்.

அக்கா பாவாடையில் இருந்த சேற்றைக் கல்லில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "கவுண்டரு கண்ணு தெரியாமலா உன்ன கேட்டாரு? படலன்னு ஒரு சொல்லு. அதுக்கு வழி வுட்டு கொடுத்தாரு. இந்த ஊர்ல சின்னப் புள்ளைக்குக்கூட அது புரிஞ்சிது."

எனக்குப் புரியவில்லை. அவர் என்னைக் கேள்வி கேட்டார், எனக்கு விடை தெரிந்திருந்தது, அவ்வளவுதான் நினைத்தேன். அதுவும் முழு உண்மையா என்று இப்போது சொல்ல முடியவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் மாமா எப்போது நிறுத்துவார், எப்போது இந்த ஊரை விட்டுப் போகலாம் என்றுதான் இருந்தேன். "இடது" என்று எதற்காகச் சேர்த்தேன்? அதை யாருமே கேட்கவில்லையே. அந்த ஒரு சொல்லை நினைக்கும்போதுதான் காது சுடுகிறது.

"அது செரியாதான் சொல்லிச்சு," என்றார் மாமா பாறையிலிருந்து, கண்ணை மூடியபடி. "இடது காலுதான். அத வுடு."

அவர் திட்டியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

மறுநாள் ஜீப்பில் கீழே இறங்கினோம், சாமை மூட்டை இல்லாமல். மாமா சித்திரையில் கீழ்நாட்டில் எங்கேயோ ஓட்டப் போவதாகக் கூட்டாளியிடம் பேசிக்கொண்டு வந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அங்கயும் வருவியா டீச்சர்? பசங்க ஆசப்படும்," என்றார்.

"அது எதுக்கு," என்றாள் அக்கா, பையனை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு. "அதுக்குப் பரீட்ச இருக்கும்."

சித்திரையில் எனக்குப் பரீட்சை இல்லை. அது அக்காவுக்கும் தெரியும். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.