உறையில் போன ஓட்டு

எங்கள் வீடு எந்தக் கட்சி என்று பெரிய காஞ்சிபுரத்தில் யாரும் கேட்டதில்லை. சித்தப்பா ஒரு கட்சியின் பூத் ஏஜெண்ட். வீட்டிலிருந்த ஓட்டுகள் எல்லாம் அவர் சட்டைப்பையில் இருப்பதாகவே ஊர் நினைத்தது, அவரும் நினைத்தார்.

எனக்கு ஒன்பது வயதில் வந்த தேர்தலன்று, தறியில் ஏற்ற வேண்டிய எங்கள் பட்டு நூல் பாவு தெருநீளத்துக்கு விரித்திருந்தது. விரித்தால் வெயில் ஏறுவதற்குள் சுருட்டியாக வேண்டும். பாதியில் யாரும் நகர முடியாது. அண்ணி எங்கே வரப்போகிறார் என்று சித்தப்பா தாமாகவே முடிவு செய்து, யாரோ ஒரு பெண்ணை அனுப்பி அம்மாவின் ஓட்டைப் போட வைத்துவிட்டார். அதைக் குடும்பத்துக்குச் செய்த உதவியாகவே நினைத்தார்.

பாவைச் சுருட்டி முடித்த கையோடு அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு ஓட்டுச்சாவடியான பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பட்டியலில் அவள் பெயரின் கீழ் கோடு விழுந்திருந்தது.

"உன் ஓட்டு விழுந்துடுச்சும்மா," என்றார் அலுவலர்.

"இப்பதான் வரேன் சார். விரலப் பாருங்க."

சித்தப்பா எழுந்து வந்து காதோடு சொன்னார்: "நம்ம சின்னத்துக்குத்தான் அண்ணி விழுந்துது. வீட்டுக்குப் போங்க, ஊரே பாத்துக்கினு இருக்குது."

"விழுந்தது உங்க ஓட்டு தம்பி. என்னுது எங்க?"

பிற்காலத்தில் அந்த அலுவலரின் நாற்காலியில் பல தேர்தல்களுக்கு உட்கார்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: இதற்கு விதி இருக்கிறது. அதைத் தானாகச் சொல்லும் அலுவலர்தான் இல்லை. அம்மா மேசை முன்னாலேயே நின்றாள். வரிசை முணுமுணுத்தது. கடைசியில் அலுவலர் கையேட்டைப் புரட்டி, அடையாளத்துக்குக் கேள்வி கேட்டார்.

"வீட்டுக்காரர் பேரு?"

அறையே சிரித்தது. எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் புருஷன் பெயரை வாயால் சொன்னதில்லை. "பொண்ணக் கேளு சார், அது சொல்லும்," என்றாள் வரிசையில் ஒருத்தி. நான் வாய் திறப்பதற்குள் அம்மாவே சொன்னாள், இனிஷியலோடு. சிரிப்பு நின்றது.

"தனிச் சீட்டு தரேம்மா. ஆனா உறையில போட்டு ஒட்டிடுவோம். கோர்ட்டு கேட்டாத்தான் பிரிப்பாங்க, எண்ண மாட்டாங்க. பரவாயில்லயா?"

"குடுங்க."

எல்லாருக்கும் பெட்டி, என் அம்மாவுக்கு மட்டும் உறை! தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பெருமை இன்றும் குறையவில்லை, காரணம்தான் மாறியிருக்கிறது.

சாயங்காலம் சித்தப்பா மெதுவாகக் கேட்டார்: "அதையும் நம்ம சின்னத்துலதானே குத்துனீங்க, அண்ணி?"

"ஓட்டு ரகசியம்னு நீங்கதானே மைக்ல கத்துனீங்க?" என்று சிரித்தாள் அம்மா. சித்தப்பா சிரிக்கவில்லை.

அடுத்த தேர்தலில், துண்டுப் பிரசுரமும் கையுமாக அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். ஊரெல்லாம் போய்க் கும்பிட்டு நின்றாலும் இந்த வாசலில் மட்டும் அதுவரை அவர் ஓட்டுக் கேட்டதில்லை. "அண்ணி, கொஞ்சம் பாத்து செய்யுங்க," என்று கைகூப்பினார். சொந்த அண்ணியிடம் போய் யாராவது ஓட்டுக் கேட்பார்களா, சித்தப்பாவுக்கு என்ன ஆயிற்று என்றுதான் எனக்குத் தோன்றியது.