சோமாஸ்கந்தன் பெயருக்கு முளைத்த கொம்பு

பெண் பார்க்கப் போன வீட்டில், மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்ற கேள்வி கேசரிக்கு முன்பே வந்துவிட்டது. குமரகுருவின் அம்மா தில்லையம்மாள் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான்.

"கம்ப்யூட்டர்ல இருக்கான்" என்றாள் அவசரமாக. 2003-இல் காஞ்சிபுரத்தில் அந்த ஒரு பதிலே போதும். மிச்சத்தைப் பெண் வீட்டாரே அமெரிக்கா வரை கற்பனை செய்துகொள்வார்கள்.

குமரகுருவுக்கு அது பொறுக்கவில்லை. "கட்டற்ற மென்பொருளைப் பரப்புறேங்க" என்றான்.

பெண்ணின் அப்பா சோமாஸ்கந்தன், பட்டுப் புடவைகளைத் தரம் பார்க்கும் வேலையில் இருப்பவர். எதையும் இரண்டு விரலால் நெருடிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். "கட்டற்றன்னா இன்னா அர்த்தம்?"

"யாரு வேணா எடுத்துக்கலாம். பிரிச்சுப் பாக்கலாம், மாத்தலாம், அடுத்தவங்களுக்கும் குடுக்கலாம். ஒரு கட்டும் கெடையாது."

"கட்டே வேணாம்ன்றவருக்கு எதுக்குப்பா கல்யாணம்?"

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். தில்லையம்மாள் மட்டும் சாமி படத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் கவலையில் நியாயம் இருந்தது. பிள்ளையார்பாளையத்தில் வீரபத்திரன் என்பவர் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் குமரகுரு ஆசிரியராக இருந்தான். ஒரு மாத இதழோடு இலவசமாக வந்த, லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தின் சிடியை ஆர்வம் தாங்காமல் அங்கே ஒரு கம்ப்யூட்டரில் போட்டான். அது இடம் வேண்டும் என்று கேட்டது. இவனும் தாராளமாகக் கொடுத்தான். வீரபத்திரன் கம்ப்யூட்டர் ஜாதகம் கணித்துக் கொடுக்கும் மென்பொருள் அந்த இடத்தில்தான் இருந்தது. ஊரில் பாதிப் பேருடைய கிரகங்கள் ஒரே மதியத்தில் காணாமல் போயின. வேலையும் போனது.

அதன்பிறகு அவன் சிடிகளைப் பிரதி எடுத்து ஊர் முழுக்கக் கொடுக்கத் தொடங்கினான். மக்கள் நன்றியோடு வாங்கிக்கொண்டார்கள். சில நாளில் அவை ஆட்டோக்களின் பின்கண்ணாடியிலும், வாழைத்தார் கட்டிய கயிற்றிலும் பளபளவென்று ஆடின. குமரகுரு சளைக்கவில்லை. டீக்கடையில் எவர் கிடைத்தாலும் கேட்பான்: "உன் தறியப் பிரிச்சுப் பாக்கக்கூடாதுன்னு தறி செஞ்சவன் சொன்னா ஒத்துக்குவியாப்பா? கம்ப்யூட்டர்ல மட்டும் ஏன் ஒத்துக்குற?" பதில் வருவதற்குள் பஸ் வந்துவிடும்.

பெண்ணின் பெயர் மங்கையர்க்கரசி. காந்தி ரோட்டில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் தமிழ்த் தட்டச்சும் வடிவமைப்பும் அவள் பொறுப்பு. காபியை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"எங்க அச்சகத்துல புது கம்ப்யூட்டர் வாங்குனதும் பழைய ஃபைலு ஒண்ணும் தொறக்கல. தொறந்தாலும் தமிழு கோழி கிறுக்குன மாதிரி இருக்குது. அந்த ஃபாண்ட்ட வித்த கம்பெனியத் தேடிப் போனா, அத மூடிட்டாங்கன்றாங்க. உங்க லினக்ஸ்ல தமிழு ஒழுங்கா வருமா?"

இதுவரை அவனிடம் யாரும் கேட்காத கேள்வி. இவ்வளவு நாளாக அவன் காத்திருந்த கேள்வியும் அதுதான். "வரும்" என்றான், சோதித்துப் பார்க்காமலே.

"அப்ப நம்ம பத்திரிகைய அதுலயே அடிக்கலாம்."

'நம்ம' என்ற சொல் காதில் விழுந்ததும் தில்லையம்மாள் கண்ணைத் திறந்து கேசரியை எடுத்துக்கொண்டாள்.

கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகையின் மாதிரி அச்சு வந்த அன்று குமரகுரு அதை வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து மாமனார் முன் நீட்டினான். சோமாஸ்கந்தன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

'சோ' என்ற எழுத்துக்கு இடது பக்கம் இரட்டைக் கொம்பு இருக்க வேண்டும், வலது பக்கம் கால். இங்கே கொம்பு ச-வைத் தாண்டிப் பின்னால் போய், தனியாக நிற்க வெட்கப்பட்டதுபோல் ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு நின்றது. கால் அதற்கும் அப்பால் கிடந்தது.

"எம்பேருக்கு நடுவுல இன்னாபா இது, ஓட்ட வடை?"

"அது... எழுத்துங்கள அடுக்குறதுல ஒரு சின்னப் பிழை, மாமா."

"சின்னதா? கொம்பு ஒரு பக்கம், காலு ஒரு பக்கம் கெடக்குது!"

தில்லையம்மாளின் 'லை'யும் மங்கையர்க்கரசியின் 'கை'யும் அதே கதியில்தான் கிடந்தன. கொம்பே இல்லாத பெயர் ஒன்றுதான் அந்தத் தாளில் கீறல் படாமல் இருந்தது. சோமாஸ்கந்தன் விரலை அதன்மேல் வைத்தார்.

"உம்பேரு மட்டும் எப்படிப்பா நல்லா இருக்குது?"

மொழியின் மேல் ஆணையாக இது தற்செயல் என்று குமரகுரு விளக்க முயல, சோமாஸ்கந்தன் தட்டையே திருப்பிக் கொடுத்துவிட்டார். கல்யாணம் நின்றுவிட்டது என்றே அவன் நினைத்தான்.

அவனை மீட்டது மங்கைதான். "பிரிச்சுப் பாக்கலாம், மாத்தலாம்னு சொன்னீங்க இல்ல? மாத்துங்க. நானும் வரேன்" என்றாள்.

அந்த மென்பொருளை எழுதியவர்கள் உலகத்தின் பல மூலைகளில் இருந்தார்கள். அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்ப பிரவுசிங் சென்டருக்குப் போக வேண்டும். அங்கேயோ பலகை வைத்து மறைத்த சின்னச் சின்னத் தடுப்புகள். அதற்குள் மகளை அனுப்ப சோமாஸ்கந்தன் சம்மதிக்கவில்லை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்: தானும் கூடப் போய், இருவருக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

எந்தக் கொம்பு எங்கே நிற்க வேண்டும் என்று மங்கை சொல்லச் சொல்ல, குமரகுரு ஆங்கிலத்தில் தட்டினான். உதாரணத்துக்கு அவர்கள் கொடுத்த சொல் 'சோமாஸ்கந்தன்'. அடுத்த முறை போனபோது பெங்களூரிலிருந்து ஒருவரும் ஜெர்மனியிலிருந்து ஒரு பெண்மணியும் பதில் எழுதியிருந்தார்கள். பிழையைத் தேடுவதாகச் சொல்லிவிட்டு, ஜெர்மன்காரப் பெண்மணி கடைசியில் கேட்டிருந்தார்: இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?

குமரகுரு மொழிபெயர்த்துச் சொன்னதும் சோமாஸ்கந்தன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எழுது. எங்க ஊர்ல ஒரு பக்கம் ஏகாம்பரநாதர், இன்னொரு பக்கம் காமாட்சி, நடுவுல குமரக்கோட்டம். அப்பன், ஆத்தா, நடுவுல புள்ள. மூணு பேரும் சேர்ந்து உக்காந்துக்கினு இருந்தா அதான் சோமாஸ்கந்தன்."

மங்கை சட்டென்று சிரித்துவிட்டாள். "அப்பா, நீயும் அப்படித்தான் நடுவுல உக்காந்துக்கினு இருக்க."

அவர் இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வாசலோரம் போட்டு, அங்கே கிடந்த பேப்பரைப் பிரித்தார். அது தெலுங்குப் பேப்பர் என்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

பெங்களூர்க்காரர் அனுப்பிய முதல் திருத்தத்தில் கொம்பு சரியான இடத்துக்கு வந்தது, கால் வரவில்லை. அடுத்ததில் கால் வந்தது. புள்ளி வட்டம் போகவில்லை. அதற்கடுத்ததில் எல்லாம் சேர்ந்து, 'சோமாஸ்கந்தன்' முழுசாகத் திரையில் எழுந்து நின்றார். வாசலோரத்திலிருந்து அவரை அழைத்துக் காட்டினார்கள். கண்ணாடித் திரையை இரண்டு விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, "ம்... சரியா இருக்குது" என்றார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் பாராட்டு எந்தப் புடவைக்கும் வந்ததில்லை.

கல்யாணத்தில் தாம்பூலப் பைக்குள் சிடி மட்டும் போதும் என்று குமரகுரு அடம்பிடித்தான். தேங்காய் இல்லாவிட்டால் நான் வரவேற்பில் நிற்கமாட்டேன் என்றாள் தில்லையம்மாள். இரண்டும் போனது. வீட்டுக்குப் போவதற்குள் பல பைகளில் தேங்காய் சிடியை உடைத்துவிட்டது.

பிறகு இருவரும் காந்தி ரோட்டுக்குப் பின்னால் ஒரு தெருவில் சொந்தமாக அச்சுக்கடை திறந்தார்கள். திருட்டு மென்பொருள் என்று அங்கே ஒன்றுகூட இல்லை. வருகிறவர்களுக்கெல்லாம் குமரகுரு இதையே சொல்வான். மங்கை, "மொதல்ல அவங்களுக்கு இன்னா வேணும்னு கேளுங்க" என்பாள்.

புடவைக் கரைக்கும் முந்தானைக்கும் டிசைன் வரைகிற ராஜவேலு ஒருநாள் வந்தார். தறியை வைத்துச் சொல்லும் அந்தப் பழைய பேச்சை முழுதாகக் கேட்டுவிட்டு நிதானமாகக் கேட்டார்:

"சரிப்பா. நான் பாடுபட்டு ஒரு யாளி வரையுறேன். பக்கத்துத் தெருக்காரன் அதப் பாத்து தன் தறியில நெய்து வித்துட்டான்னா, அதுவும் கட்டற்றதா?"

குமரகுருவுக்கு மென்பொருள் வேறு, யாளி வேறு என்று சொல்லத் தோன்றியது. ஆனால் ஏன் வேறு என்று கேட்டால் என்ன சொல்வது? அவன் அம்மா, காஞ்சிபுரம் கோயில் இட்லியின் பக்குவத்தைத் தெருவுக்கே சொல்லித் தருகிறாள். அதில் அவளுக்கு ஒன்றும் குறையவில்லை. ராஜவேலுவுக்கோ குறைந்துவிட்டால் அடுப்பு எரியாது. கொடுப்பதில் சுகம் இருக்கலாம். ஆனால் கொடுக்கலாமா என்று முடிவுசெய்ய வேண்டியது, யாளியை வரைந்தவர்தானே?

"தெரியலண்ணா" என்றான். "யோசிக்கணும்."

"அப்பாடா! உனக்கும் தெரியாதது ஒண்ணு இருக்குது" என்று ராஜவேலு ஆனந்தப்பட்டு, மூன்று டீ சொன்னார். பிறகு அந்தக் கட்டற்ற மென்பொருளிலேயே யாளி வரையக் கற்றுக்கொள்ள மறுநாள் முதல் வரத் தொடங்கினார், தான் வரையும்போது கடைக் கதவைச் சாத்தி வைக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு.