பை உறையில் ஒரு பூ

என் தங்கை தையல்காரி. சட்டைக்குக் கை ஏற்றுவதில் எங்கள் தெருவில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. அக்கா பீற்றிக்கொள்கிறாள் என்பார்கள். சொல்லட்டும்.

ஒருநாள் எதிர்வீட்டு பஸ் டிரைவரின் மனைவி வந்தார். டிரைவருக்கு ஆபரேஷன் ஆகி, மூத்திரக் குழாயும் பையும் மாட்டி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பையை மறைக்க ஓர் உறை வேண்டுமாம். தங்கை இரண்டு தைத்தாள். ஒன்று வெறும் துணி. இன்னொன்றில் ஓரமாக நூலால் ஒரு பூ; விலை ஒன்றரை மடங்கு.

"மூத்திரப் பைக்குப் பூ ஒரு கேடாடி?" என்றேன்.

"பைக்கு இல்லக்கா, அத மாட்டிக்கிட்டு இருக்கிற ஆளுக்கு."

டிரைவரின் மனைவி பூப்போட்டதையே எடுத்தார். "வெறும் துணின்னா எதையோ மறைக்கிறோம்னு தெரியுது. இது கடைக்குப் போற பை மாதிரி இருக்கு." மறுநாளே டிரைவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கண்டக்டர் மாதிரி "டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அந்த முதல் உறையில் அடிப்பக்கத்தை மூடித் தைத்துவிட்டாள். பையைக் காலி செய்ய ஒவ்வொரு தடவையும் கழற்ற வேண்டியிருந்தது. அடுத்ததில் கீழே திறப்பு விட்டுப் பொத்தான் வைத்தாள். பிறகு ஆஸ்பத்திரியிலிருந்தே ஆட்கள் தேடி வந்தார்கள். ஆறு வருடத்தில் வெறும் உறை கேட்டவர்கள் நான்கே பேர்.

ஏழாம் வருடம் அவளுக்கே வயிற்றில் கட்டி. வார்டில் அவள் கட்டில் கம்பியிலும் பை தொங்கியது. வெளியூரில் வேலை பார்க்கும் அவள் மகள் அடித்துப் பிடித்து ஓடி வந்தாள்.

"இந்தக் கோலத்துல அவ என்னப் பாக்க வேணாம்க்கா. வெளியவே இருக்கச் சொல்லு."

மகள் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தாள். பையை மறைக்கலாம் என்றால், தங்கை தைத்த உறைகள் வீட்டில் ஒன்றுகூட மிச்சமில்லை. அவளுக்குக் காஜா எடுத்துப் பொத்தான் தைத்துக் கொடுத்த பழக்கத்தில் நானே மெஷினில் உட்கார்ந்தேன். அளந்து, கோடு போட்டு, வெட்டித் தைத்தேன். திறப்பு, பொத்தான் எல்லாம் கச்சிதம். இந்த அவசரத்தில் அலங்காரம் எதற்கு என்று பூ மட்டும் போடவில்லை.

தங்கை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தையல் சுத்தமா இருக்குக்கா. ஆனா ஆஸ்பத்திரிச் சாமான் மாதிரியே இருக்கு." மகளைக் கூப்பிடச் சொல்லவில்லை.

திரும்ப வீட்டுக்கு ஓடினேன். பூவேலை பழகாத கை. போட்டுப் பிரித்து, போட்டுப் பிரித்து, முடிக்க மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது.

"இது பூவாக்கா? முட்டைக்கோஸு!" என்று சிரித்தாள். வயிறு வலித்தும் சிரித்தாள். "சரி, மாட்டிட்டு அவள வரச் சொல்லு."

மகள் பை தொங்கிய பக்கமாகவே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அம்மாவுக்குத் தலை வாரிவிட்டாள்.

அதன்பிறகு தங்கை இருந்தது ஐந்தே நாள். முதல் தடவையே பூ போட்டிருந்தால் அம்மாவுக்கும் மகளுக்கும் ஆறு நாள் கிடைத்திருக்கும். அந்தப் பெண் இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.