ரங்கூன் மல்லி மூடாத ஜன்னல்

மின்கம்பியில் கொடி ஏறிவிட்டது என்று புகார் வந்ததால், திண்டிவனத்தில் பூட்டிக் கிடந்த ஒரு மாடி வீட்டுக்கு வயர்மேனான நான் போனேன். அங்கேதான் அந்தத் தோட்டக்காரரைப் பார்த்தேன். ஒல்லியான ஆள். கழுத்தில் ஜெபமாலை, முன்கையெல்லாம் கொடியின் முள் கீறிய தழும்பு. சுவர் முழுக்கப் படர்ந்திருந்த ரங்கூன் மல்லியின் முற்றிய கிளைகளைக் கழித்துவிட்டு, இளங்கொடிகளைச் சணலால் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். மாடி ஜன்னல் ஒன்றின்மேல் மட்டும் ஓர் இலைகூட இல்லை.

"அத மட்டும் ஏன் விட்டுட்டீங்க?" என்று கேட்டேன்.

"வீட்டுக்கார அம்மா அங்கதான் ஒக்காந்துக்கினு ரோட்டப் பாப்பாங்க, புள்ள வர்றானான்னு. கொடி மறைக்கக் கூடாதுல்ல. வாரத்துக்கு ஒருக்கா ஒதுக்கிக் கட்டிடுவேன்."

"இப்ப அவங்க எங்க?"

"செத்து மூணு வருஷம் ஆவுதுங்க. குழில எறக்கினதே நான்தான்."

நான் ஜன்னலை அண்ணாந்து பார்த்தேன். அவர் சணலை முடிந்தபடியே சொன்னார்: "செத்துட்டாங்கன்னு எனக்குத் தெரியுது. அவங்களுக்குத் தெரியுமான்னுதான் தெரியல."

ரோட்டோரக் கம்பத்தில் ஏணியைச் சாத்தி ஏறியபோது அந்த ஜன்னல் என் முதுகுக்கு நேர் பின்னால் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் நான் ரோட்டை மறைத்துக்கொண்டு நிற்பதாகத் தோன்றவே, இறங்கி ஏணியைத் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.